கொழுத்த மட்டக்குதிரையும் குளம்பு அழற்சியும்

குதிரைகளுக்கு உண்டாகும் நோய்களுள் குளம்பு அழற்சியைப் போல் கடும் வேதனை தருவன மிகச் சிலவே. லாமினைட்டிஸ் என்று வைத்தியர்கள் வழங்கும் இந்நோய் கண்ட குதிரை, முன்னங்கால்களை முன்னே நீட்டி, உடலின் பாரத்தைப் பின்னங்கால்களின்மேல் சாய்த்து, ஓரடி பெயர்க்கவும் அஞ்சி நிற்கும். இது புதிய வியாதியன்று. வாற்கோதுமையை மிதமிஞ்சித் தின்பதனால் குதிரைக்கு உண்டாகும் நோயொன்றை அரிஸ்டாட்டில் தம் காலத்திலேயே குறித்திருக்கிறார். தானிய அறை திறந்து கிடக்க, குதிரை உட்புகுந்து வயிறு முட்டத் தின்றுவிட்டால் குளம்பு கெடும் என்பது லாயக்காரர் அனைவரும் அறிந்ததே. ஆயினும், தானியத்தை மோந்தும் பாராமல் பசும்புல்லை மாத்திரம் மேய்ந்து வந்த மட்டக்குதிரை ஒரு நாள் காலையில் திடீரென நடக்கமாட்டாமல் நிற்பது ஏன் என்பது வெகுகாலம் விளங்காமலிருந்தது. அந்நோய் காலில் தோன்றினும், அதன் வேர் காலில் இல்லை. ரத்தத்திலும் தீனியிலும் இருக்கிறது.

இவ்வகை நோய் அடிக்கடி காணப்படும் நாடுகளுள் பிரிட்டன் ஒன்று. ஷெட்லண்டு, வேல்ஸ், டார்ட்மூர், எக்ஸ்மூர் முதலிய இடங்களுக்குரிய மட்டக்குதிரைகள் காற்றும் குளிரும் மிகுந்த மேட்டுநிலங்களில், கரடுமுரடான புல்லைத் தின்று வாழப் பழகியவை. கோடையில் சேர்த்த கொழுப்பைக் குளிர்காலத்தில் கரைத்து, இளவேனிலில் எலும்பு தெரிய மெலிந்து நிற்பதே அவற்றின் இயற்கை. சிறிது தீனியைக் கொண்டு உயிர் தரிக்கும் இவ்வாற்றல் வறண்ட மலையில் பெரும் நன்மை. வளமான மேய்ச்சலிலோ அதுவே பெரும் கேடு. இக்காலத்தில் இக்குதிரைகள் பசுக்களின் பாலைப் பெருக்குவதற்கென்று விதைக்கப்பட்ட ரைப்புல்லும் குளோவரும் அடர்ந்த வயல்களில் விடப்படுகின்றன. குளிர்காலத்தில் மேலே கம்பளி போர்த்து, லாயத்தில் கட்டி, வயிறு நிறையத் தீனியும் வைக்கிறார்கள். வேலையும் இல்லை. 1842-ஆம் ஆண்டில் பெண்களும் சிறு பிள்ளைகளும் நிலக்கரிச் சுரங்கத்தினுள் வேலை செய்யலாகாதென்று பிரிட்டனில் சட்டம் பிறந்தபின், சுரங்க வண்டிகளை இழுக்க ஷெட்லண்டு மட்டக்குதிரைகள் ஏராளமாக வாங்கப்பட்டன. அன்று நாள் முழுதும் பாரமிழுத்த அவ்வினத்துக் குதிரை, இன்று ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு குழந்தையைச் சற்று நேரம் சுமப்பதோடு சரி.

குளம்பின் அமைப்பை அறியாதவர்க்கு இந்நோயின் கொடுமை புலப்படாது. குளம்பினுள் ஆப்புப் போன்ற எலும்பொன்று இருக்கிறது. குதிரையின் பாரம் முழுவதும் அடிக்குளம்பின்மேல் நேரே இறங்குவதாகப் பலர் எண்ணுவர். உண்மையில் அவ்வெலும்பு குளம்புச் சுவரின் உட்புறத்தில் தொங்கவிடப்பட்டது போலவே நிற்கிறது. சுவரையும் எலும்பையும் இணைப்பவை மெல்லிய தகடுகள். ஒவ்வொரு குளம்பிலும் ஏறத்தாழ 550 முதல் 600 வரை பெருந்தகடுகளும், ஒவ்வொரு பெருந்தகட்டிலும் நூற்றுக்கு மேற்பட்ட சிறுதகடுகளும் உண்டு. இரு கைவிரல்களைக் கோத்தாற்போல் இவை ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. இப்பிடி தளர்ந்தால், எலும்பின் நுனி கீழ்நோக்கிச் சுழலும்; சில வேளைகளில் எலும்பு முழுதும் தாழ்ந்து அடிக்குளம்பைத் துளைத்துக்கொண்டு வெளிவருதலும் உண்டு. அந்நிலையை எய்திய குதிரைகளுட் பலவற்றை வேதனையினின்று விடுவிப்பதற்காகக் கொன்றுவிட நேர்கிறது.

இன்ஸுலினும் குளம்பும்

தின்ற ஆகாரத்திலுள்ள சர்க்கரை ரத்தத்தில் சேர்ந்ததும், கணையமானது இன்ஸுலின் என்னும் நீரைச் சுரக்கிறது. அதன் ஏவலால் தசைகளும் பிற உறுப்புகளும் சர்க்கரையை உள்ளே ஏற்கின்றன. கொழுத்து, உழைப்பின்றியிருக்கும் மட்டக்குதிரைகள் பலவற்றின் உடல் இந்த ஏவலுக்கு எளிதில் இணங்குவதில்லை. இணங்காத உடலை இணக்குவதற்காகக் கணையம் மேலும் மேலும் இன்ஸுலினைச் சுரக்கும். மனிதரில் இந்நிலை நாளடைவில் நீரிழிவாக முடிவதுண்டு. குதிரையிலோ கணையம் எளிதில் சோர்வதில்லையாகையால், ரத்தச் சர்க்கரை பெரும்பாலும் சரியான அளவிலேயே இருக்கும்; இன்ஸுலின் மாத்திரம் பன்மடங்காக உயர்ந்திருக்கும். ஆதலால் சர்க்கரையை மட்டும் சோதித்துவிட்டுக் குதிரை நலமாயிருக்கிறதென்று சொல்லுதல் தவறு.

அவ்வாறு உயர்ந்த இன்ஸுலினே குளம்பைக் கெடுக்கிறது என்பதை ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சோதனை நிலைநாட்டியது; அதன் முடிவு 2007-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. நோயற்ற மட்டக்குதிரைகளுக்கு ரத்தக்குழாய் வழியாக இன்ஸுலினை இடைவிடாது செலுத்தி, ரத்தச் சர்க்கரை தாழாதபடி அதையும் உடன் செலுத்தி வந்தனர். 72 மணி நேரத்திற்குள் அக்குதிரைகள் எல்லாவற்றிற்கும் நான்கு கால்களிலும் குளம்பு அழற்சி கண்டது. இன்ஸுலின் பெறாத குதிரைகளுக்கு ஒன்றும் நேரவில்லை. பின்னர் 2010-இல், பெருங்குதிரைகளிலும் இவ்வாறே நிகழ்வது காட்டப்பட்டது. குளம்பில் அடிபடுதல், கல்லில் நடத்தல் முதலியவற்றைக் காரணமாகக் கூறிவந்த வழக்கம் இதன்பின் பெரிதும் வலிவிழந்தது. புல்லில் சர்க்கரை மிகும்போது இன்ஸுலின் மிகுகிறது. இன்ஸுலின் மிகும்போது தகடுகளின் பிடி நெகிழ்கிறது.

நோய்க்கு முந்திய அடையாளங்கள்

நொண்டுவதற்கு முன்பே இந்நோய் தன் வருகையைத் தெரிவிக்கிறது. பார்க்கத் தெரிந்தவர் தாம் குறைவு. பிடரியின்மேல் கொழுப்பு மேடிட்டுக் கெட்டியாயிருத்தல் முதல் அடையாளம். அம்மேடு ஒரு புறமாகச் சாயுமளவு பெருத்தால் அபாயம் அதிகம். வாலின் அடியிலும், தோளுக்குப் பின்னும், கண்ணுக்கு மேலுள்ள குழியிலும் கொழுப்புத் திரளும். விலாவெலும்புகளைக் கையால் அழுத்தியும் உணர முடியாது. குளம்புச் சுவரில் காணும் வளையங்கள் நுனியில் நெருங்கியும் குதிகாலில் அகன்றும் இருந்தால், அக்குதிரைக்கு அழற்சி முன்னமே இலேசாக வந்து போயிற்றென்று கொள்ளலாம். லாடம் கட்டுவோர் குளம்பைச் செதுக்கும்போது வெள்ளைக்கோடு அகன்று, அதில் பழைய ரத்தக் கறை படிந்திருப்பதைக் காண்பர். குதிரைக்குரியவர் அதைக் கேட்டறிதல் நலம்.

இவ்வடையாளங்களில் ஒன்று கண்டாலும், வைத்தியர் ரத்தத்திலுள்ள இன்ஸுலினை அளந்து பார்க்க வேண்டும். குதிரையின் எடைக்குத் தக்கபடி சோளப்பாகு புகட்டி, ஒரு மணி நேரங் கழிந்தபின் ரத்தம் எடுத்துச் சோதித்தால் மறைந்திருக்கும் குறையும் வெளிப்படும். 15 வயது கடந்த குதிரையாயின், பிட்யூட்டரிச் சுரப்பியின் கோளாற்றையும் உடன் ஆராய வேண்டும். மயிர் நீண்டு, காலத்தில் உதிராமலிருப்பது அதன் குறி. அதற்குப் பெர்கோலைடு என்னும் மருந்து உண்டு.

தீனியை அளந்து வைத்தல்

சிகிச்சையில் பெரும் பங்கு தீனித் தொட்டியிலேயே நடைபெறுகிறது. முதலில் எடையை அறிதல் வேண்டும். எடை மேடை இல்லாவிடில் நாடாவே போதும். மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரையுள்ள நீளத்தால் மறுபடியும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோகிராமில் வரும். சுற்றளவு 140, நீளம் 120 சென்டிமீட்டர் உள்ள மட்டக்குதிரையின் எடை சுமார் 198 கிலோ ஆகும்.

எடை 100 கிலோவிற்கு ஒன்றரைக் கிலோ வீதம் ஈரம் நீங்கிய தீனி போதும். மேற்சொன்ன குதிரைக்கு இது நாளொன்றுக்கு 3 கிலோ. உலர்புல்லிலும் சிறிது ஈரம் இருத்தலால் சுமார் மூன்றரைக் கிலோ உலர்புல் வைக்கலாம். கண்மதிப்பாக அள்ளி வைத்தால் ஏறக்குறைய எப்போதும் அளவு மிஞ்சிவிடும். ஆகையால் தராசு இன்றியமையாதது. இளம்புல்லை அறுத்து உலர்த்தியதை விட, முற்றிய புல்லை உலர்த்தியது நல்லது. சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து நூற்றுக்குப் பத்துப் பங்கிற்குக் குறைவாயிருத்தல் வேண்டும். சோதிக்க வழியில்லாதபோது, உலர்புல்லைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் போடலாம். இதனால் சர்க்கரை ஓரளவு கழியும். எவ்வளவு என்பது புல்லுக்குப் புல் மாறுமாதலால், இதனை முழுதும் நம்பிவிடலாகாது. வெயில் காலத்தில் அதிக நேரம் ஊறினால் புல் புளித்துக் கெடும். தாது உப்புகளும் நீரோடு போய்விடுவதால் அவற்றைத் தனியே கொடுக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கொழுத்த குதிரையை மெலிய வைக்கப் பட்டினி போடுதல் கூடவே கூடாது. மட்டக்குதிரையும் கழுதையும் பட்டினி கிடந்தால், உடற்கொழுப்பு கரைந்து ரத்தத்தில் வெள்ளமாய்ப் பாய்ந்து ஈரலைக் கெடுக்கும். சினைப்பட்ட குதிரைக்கு இது மிகவும் கொடிது, உயிரையே வாங்கும். தீனியைக் குறைத்தும் எடை இறங்காவிடில், வைத்தியர் மேற்பார்வையில் இன்னுஞ் சிறிது குறைக்கலாம். 100 கிலோ எடைக்கு ஒரு கிலோவிற்குக் கீழே போகலாகாது. அந்தத் தீனியையும் சிறு கண்ணுள்ள வலைப்பையில் இட்டு, மூன்று நான்கு வேளையாகப் பகிர்ந்து தந்தால் வயிறு வெறுமையாயிராது.

தானியம், தவிடு, சர்க்கரைப்பாகு கலந்த தீனி, காரட்டு, ஆப்பிள் யாவும் நிறுத்தப்பட வேண்டும். தமிழ்நாட்டில் வேலையின்றி லாயத்தில் நிற்கும் குதிரைக்கு வெல்லக்கட்டியும் கரும்புத் துண்டும் வழங்குவோர் இதைக் கருத்திற்கொள்வாராக. கொள்ளும் உழைக்கும் குதிரைக்குரிய உணவே.

புல்வெளியைப் பற்றிய தப்பெண்ணங்கள் பல. குட்டையாக மேய்ந்து தீர்ந்த புல் தீங்கற்றது என்பது அவற்றுள் ஒன்று. மிதிபட்டு வாடிய குறும்புல்லிலும் சர்க்கரை மிகுந்திருக்கலாம். சூரிய ஒளியில் புல் சர்க்கரையை ஆக்குகிறது. இரவில் அதைச் செலவிட்டு வளர்கிறது. ஆதலால் பிற்பகலில் சர்க்கரை மிகுதி, விடியற்காலையில் குறைவு. ஆனால் உறைபனி விழுந்த இரவில் புல் வளராமல் நின்றுவிடுவதால் சர்க்கரை செலவாகாது தேங்குகிறது. பனி படர்ந்து, வெயில் பளிச்சென்று எறிக்கும் காலையே மட்டக்குதிரைக்குப் பொல்லாத வேளை. மூன்று மணி நேரம் மட்டும் மேயவிட்டால் போதுமென்று நினைப்பதும் பிழை; நேரம் குறைந்ததை அறிந்த குதிரை விரைந்து தின்னக் கற்றுக்கொள்ளும். போரடிக்கும் மாட்டிற்குக் கட்டுவது போன்ற வாய்க்கூடு, அடியில் சிறு துளையோடு அமைந்தது, மேய்ச்சலை நூற்றுக்கு 80 பங்கு வரை குறைக்கும். குதிரை முதலில் வெறுக்கும். சில நாட்களில் பழகும். அழற்சி நீங்காத குதிரைக்கோ மேய்ச்சலே ஆகாது.

நோய் கண்டவுடன்

கால்களில் சூடு, குளம்பிற்கு மேலுள்ள நாடி வலிவாய்த் துடித்தல், திரும்பும்போது தயங்குதல் ஆகியவற்றைக் கண்டால் அன்றே வைத்தியரை அழைக்க வேண்டும். ரத்த ஓட்டம் பெருகுமென்று கருதி நோயுற்ற குதிரையை வலிந்து நடத்தும் பழைய வழக்கம் தீயது. ஒவ்வோரடியிலும் தகடுகள் மேலும் கிழியும். ஆழமான மரத்தூள் அல்லது மணற்படுக்கையில் நிறுத்தி, அடிக்குளம்பிற்கு மெத்தென்ற அணை கொடுக்க வேண்டும். முதல் நாட்களில் கால்களை முழங்காலுக்குக் கீழ்வரை ஐஸ்தண்ணீரில் இடைவிடாது வைத்திருத்தல் தகடுகளைக் காக்க உதவுகிறது. வலி தணிக்கும் மருந்தை வைத்தியரே அளவிட வேண்டும். ரத்த இன்ஸுலினைக் குறைக்கும் புதிய மருந்துகள் சிலவும் இப்போது கையாளப்படுகின்றன. அவற்றை உட்கொள்ளும் குதிரையின் ரத்தக் கொழுப்பை அடிக்கடி சோதித்தல் வேண்டும்.

நோய் தணிந்தபின் உழைப்பு மிகச் சிறந்த மருந்து. ஓடும் தசை இன்ஸுலினுக்கு எளிதில் இணங்கும். ஆயினும் மருந்தின் உதவியின்றிக் குதிரை வலியற்று நடக்கும் வரை அதைத் தொடங்கலாகாது. குளிர்காலத்தில் கம்பளி போர்த்தாமல், இயற்கையாகச் சற்று மெலிய விடுவதும் கொழுத்த குதிரைக்கு உதவும். குளம்பு மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்வதால், சிதைந்த சுவர் நீங்கிப் புதுச்சுவர் தரையைத் தொட ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை செல்லும். அதுவரை நான்கு முதல் ஆறு வாரத்திற்கொருமுறை குளம்பைச் செதுக்கி, நீண்ட நுனியைக் குறைத்துவர வேண்டும். எலும்பு எவ்வளவு சுழன்றிருக்கிறதென்பதை எக்ஸ்ரே படத்தில் கண்டபின் அவ்வேலையில் இறங்குவதே லாடக்காரருக்கும் குதிரைக்கும் நல்லது.