பூட்டிய கதவைத் திறக்கும் வகை



கடையை அடைப்பது எளிய காரியம். பலகையைச் சாத்திப் பூட்டைப் போட்டுவிட்டால் முடிந்தது. அடைத்த கடையை மறுபடி திறப்பதுதான் கடினம். சரக்கு பழசாயிருக்கும். வாடிக்கைக்காரர் வேறிடம் பழகியிருப்பார். சிப்பந்தி ஊருக்குப் போயிருப்பார். வாடகைப் பாக்கி வாசலில் நிற்கும். ஒரு கடைக்கே இவ்வளவு தொல்லையென்றால், ஒரு நாடு முழுவதும் அடைபட்டுப் பின்னர் திறப்பது எத்தகைய காரியம் என்பதை வியாபாரிகளாகிய நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

2020-ஆம் ஆண்டில் கொவிட்-19 நோய் பரவியபோது நாம் இதைக் கண்ணாரக் கண்டோம். 2023 மே 5-ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் அந்த அவசர நிலை நீங்கியதென அறிவித்தது. இன்று கடைத்தெருவில் அந்நாட்களின் அடையாளம் அதிகமில்லை. ஆயினும் பெரும் நஷ்டம் கொடுத்துக் கற்ற பாடத்தை மறந்துவிடுவது வியாபாரிக்கு அழகன்று. எனவே, சிங்கப்பூர் தன் கதவுகளைப் படிப்படியாக எவ்வாறு திறந்தது, ஏன் அவ்வாறு திறந்தது என்பதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ஒரே நாளில் திறந்தால் என்ன?

சிங்கப்பூரில் நோய்ப்பரவல் முறியடிப்புக் காலம் 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை 56 நாட்கள் நீடித்தது. நம் உணவுக் கடைகளில் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்து, பொட்டலம் கட்டிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டோம். துணிக்கடைகள் அடைபட்டன. அக்காலத்தில் நம்மில் பலர் கேட்ட கேள்வி இது: "நோய் குறைந்துவிட்டதல்லவா? அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்தால் என்ன?"

இதற்கு விடை நம் பேரேட்டிலேயே இருக்கிறது. ஒருவர் 100 வெள்ளி முதல் போட்டு, அதைப் பத்து முறை புரட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் நூற்றுக்குப் பத்து லாபம் வந்தால், பத்தாவது முறை முடிவில் அவர் கையில் சுமார் 259 வெள்ளி இருக்கும். ஒவ்வொரு முறையும் நூற்றுக்குப் பத்து நஷ்டம் வந்தால் சுமார் 35 வெள்ளிதான் மிஞ்சும். தொடக்கத்தில் அற்ப வித்தியாசம். முடிவில் ஏழு மடங்கு வித்தியாசம்.

நோயின் கணக்கும் இதுவே. நோயுற்ற 100 பேர் 90 பேருக்கு மட்டும் கொடுத்தால், நோய் தானே தேய்ந்துகொண்டு போகும். அதே 100 பேர் 110 பேருக்குக் கொடுத்தால், பத்துச் சுற்றுக்குள் 259 ஆகிவிடும். அந்த நோயில் ஒரு சுற்றுக்குச் சுமார் ஐந்து நாட்கள் ஆயின. ஆகவே ஐம்பது நாட்களில் ஆஸ்பத்திரி நிரம்பும், அல்லது காலியாகும். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு மெல்லிய கோடு. திறக்கும் ஒவ்வொரு கதவும் நம்மை அக்கோட்டுக்குச் சிறிது நெருக்கமாகக் கொண்டுபோகும். எல்லாக் கதவுகளையும் சேர்த்துத் திறந்தால் கோட்டைத் தாண்டிவிடுவோம். எந்தக் கதவினால் தாண்டினோம் என்பதும் தெரியாது.

மற்றொரு விஷயமும் உண்டு. இன்று நோய் தொற்றியவருக்கு அறிகுறி தெரியப் பல நாட்களாகும்; சிலருக்குப் பதினான்கு நாட்கள் வரை ஆகும். ஆகவே இன்று திறந்த கதவின் விளைவு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்தே தெரியும். முதற்கட்டம் ஜூன் 2-ஆம் தேதியும் இரண்டாங்கட்டம் ஜூன் 19-ஆம் தேதியும் தொடங்கின. இடையிலிருந்த பதினேழு நாட்களைச் சிலர் அரசாங்கத்தாரின் தயக்கம் என்றார்கள். உண்மையில் அது சரக்கை அனுப்பிவிட்டுப் பட்டியல் வரும்வரை காத்திருப்பது போன்ற காரியம்.

எந்தக் கதவு முதலில்?

திறக்கும் வரிசையிலும் ஒரு நியாயம் இருந்தது. குறைந்த ஆபத்தில் அதிகம் பேருக்குப் பிழைப்புத் தரும் கதவு முதலில். கூட்டமும் நெருக்கமும் மிகுந்த கதவு பின்னால். மே 12-ஆம் தேதி முடிதிருத்தும் கடைகளும், வீட்டில் சமைத்து விற்போரும் தொழில் தொடங்கினார்கள். ஜூன் 2-ஆம் தேதி தொழிற்சாலைகளும் பள்ளிக்கூடங்களும் திறந்தன. ஜூன் 19-ஆம் தேதிதான் சில்லறைக் கடைகள் திறந்தன. உணவுக் கடையில் மேசைக்கு ஐவர் அமர்ந்து உண்ணலாம் என்றும் ஆயிற்று.

நம் உணவுக் கடைகளைப் பின்னுக்குத் தள்ளியது அன்று நமக்குக் கசப்பாகவே இருந்தது. ஆனால் எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். முகக்கவசத்தோடு உண்ண முடியாது. நம் கடைகளில் உண்பவர் பேசாமல் இருப்பதும் இல்லை. மூடிய அறையில் நெருங்கி அமர்ந்து பேசும்போது மூச்சுக்காற்றில் இந்நோய் பரவுகிறது.

பள்ளிவாசல்களும் இவ்வரிசைக்கு உட்பட்டன. 2020 மார்ச் 13-ஆம் தேதி மூடப்பட்டவை அவை. அவ்வாண்டு நோன்பு முழுவதும் தராவீஹ் இல்லாத பள்ளிவாசல்களையும், வீட்டிலேயே தொழுத பெருநாளையும் நாம் மறக்க முடியுமா? ஜூன் 26-ஆம் தேதி ஜும்ஆ மீண்டும் தொடங்கியபோது, முன்பதிவு செய்த ஐம்பது பேர் இடைவெளி விட்டு நின்று தொழுதார்கள். தோளோடு தோள் சேராத ஸஃப்பைக் கண்டு கண் கலங்கியவர் பலர். வணக்கத்திற்கே இந்தப் பொறுமை தேவைப்பட்டதென்றால், வியாபாரத்திற்குத் தேவைப்பட்டதில் வியப்பில்லை.

திறந்ததை மறுபடி அடைத்தது ஏன்?

படிப்படியாகத் திறப்பது என்றால் மேல்நோக்கி மட்டுமே ஏறும் படி என்று நாம் எண்ணியிருந்தோம். அப்படி நடக்கவில்லை. 2020 டிசம்பர் 28-ஆம் தேதி மேசைக்கு எட்டுப் பேர் என்றிருந்தது, 2021 மே 16-ஆம் தேதி கடையில் அமர்ந்து உண்பதே கூடாது என்றாயிற்று. ஜூன் 21-ஆம் தேதி இருவர். ஜூலை 12-ஆம் தேதி ஐவர். ஜூலை 22-ஆம் தேதி மறுபடியும் எவரும் இல்லை. டெல்டா என்னும் வேகமாகப் பரவும் வகை வந்ததால், பழைய கணக்கு பொய்த்துவிட்டது. ஜூலை மாதத்தில் ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்தோடு தொடர்புடைய தொற்று, மீன் வாங்கச் சென்றவர்கள் மூலம் தீவெங்கும் ஈரச்சந்தைகளை எட்டியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? வியாபாரம் ஒரு சங்கிலி. மொத்தச் சந்தையில் தொற்றியது மறுவாரம் சில்லறைக் கடையில் நிற்கிறது. "என் கடை, என் விருப்பம்" என்று பின்கதவால் வாடிக்கைக்காரரை அமர வைத்தவர், தமக்கு மட்டும் ஆபத்தைத் தேடிக்கொள்ளவில்லை. தெரு முழுவதையும் அடைக்கும் வேலையைச் செய்தார்.

எதை அளப்பது?

தொடக்கத்தில் எல்லாரும் தினசரி எத்தனை பேருக்கு நோய் என்பதையே பார்த்தார்கள். மலேசியாவில் 2021 ஜூன் மாதம் அறிவித்த தேசிய மீட்சித் திட்டம் மூன்று அளவுகளைச் சேர்த்துப் பார்த்தது: தினசரித் தொற்று, தீவிர சிகிச்சைப் பிரிவின் நிலை, தடுப்பூசி போட்டோர் விகிதம். முதற்கட்டத்திலிருந்து இரண்டாங்கட்டத்துக்குப் போகத் தினசரித் தொற்று 4,000-க்குக் குறைய வேண்டும்; மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் இரண்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். ஆனால் ஜூலை மாதத்தில் தொற்று 10,000-ஐத் தாண்டியது. பல இடங்களில் கதவு திறக்கவில்லை. வீட்டில் அரிசி தீர்ந்தவர்கள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டினால், அக்கம்பக்கத்தார் உணவு கொண்டுவந்து கொடுக்கும் வழக்கம் அந்நாட்களில்தான் பரவியது. நோயை அளக்கக் கருவி இருந்தது. பசியை அளக்க அந்தக் கொடியைத் தவிர வேறொன்றும் இல்லை. திறக்கும் திட்டம் வகுப்போர் இரண்டு தட்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தடுப்பூசி பரவிய பின் அளவுகோல் மாறிற்று. சிங்கப்பூரில் 2021 ஆகஸ்டு மாத இறுதியில் மக்களில் நூற்றுக்கு எண்பது பேர் முழுமையாக ஊசி போட்டிருந்தனர். அதன்பின் எத்தனை பேருக்குத் தொற்று என்பதைவிட, எத்தனை பேர் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கிறார்கள் என்பதே பெரிதாகக் கருதப்பட்டது. 2022 ஏப்ரல் 26-ஆம் தேதி கூடுவோர் எண்ணிக்கைக்கு வரம்பு நீங்கியது. ஆகஸ்டு 29-ஆம் தேதி பெரும்பாலான இடங்களில் முகக்கவசம் அவரவர் விருப்பமாயிற்று.

கடைசியாகத் திறந்த கதவு

இங்கே நாம் சற்று மனச்சாட்சியோடு பேச வேண்டும். உணவுக் கடை 2020 ஜூன் மாதம் திறந்தது. நம் நாணய மாற்றுக் கடைகளோ, 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி ஜொகூர் பாலம் தாராளமாகத் திறக்கும்வரை, இரண்டாண்டுக்கு மேல் ஈயோட்டின. நாட்டின் கதவு திறக்கும் நாளும் நம் வியாபாரம் திரும்பும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அது உதாரணம்.

தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் கடை வைத்திருப்போருக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் யாரால் வந்தது என்பது தெரியும். விடுதிகளில் தங்கியிருக்கும் தொழிலாளச் சகோதரர்களால் வந்தது. விடுதிகளில் நோய் மிக வேகமாகப் பரவியது. நகரம் திறந்த பின்னும் அவர்களுடைய கதவு மூடியே இருந்தது. 2021 செப்டம்பரில்தான், வாரத்திற்கு 500 பேர் வரை வெளியே வர ஒரு சோதனை முயற்சி தொடங்கியது. 2022 ஜூன் 24-க்குப் பிறகே பொதுவாக அனுமதிச் சீட்டின்றி வெளியே வர முடிந்தது; அப்போதும் ஞாயிறுகளில் லிட்டில் இந்தியா போன்ற இடங்களுக்குச் சீட்டு வேண்டியிருந்தது.

அந்நாட்களில் நாம் கூடிப் பேசியபோதெல்லாம், "ஞாயிற்று வியாபாரம் போயிற்றே" என்றோம். அவர்கள் ஓர் அறையில் மாதக்கணக்கில் அடைபட்டிருப்பதைப்பற்றி அந்த அளவு பேசினோமா? திறக்கும் வரிசையில் கடைசியில் நிற்பவரை நினைவுபடுத்துவதும் சங்கங்களின் கடமை. அவர்கள் நம் வாடிக்கைக்காரர்கள். அதற்கும் முன்னால் நம் சகோதரர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

இனியொரு முறை இத்தகைய காலம் வராமலிருக்க வேண்டுவோம். ஆனால் வந்தால், நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

முதலாவது, கணக்கு. 2020-இல் சிறு வியாபாரிகளுக்கு வாடகை நிவாரணம் கிடைத்தது. அதில் கட்டட உரிமையாளர் தர வேண்டிய கூடுதல் பங்கைப் பெற, வருமானம் முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 35 அல்லது அதற்கு மேல் குறைந்திருக்க வேண்டும் என்பது விதி. இதைப் பேரேடு வைத்திருப்பவர் காட்ட முடியும். கல்லாவையும் ஞாபகத்தையும் நம்பியவர் எதைக் காட்டுவார்?

இரண்டாவது, கையிருப்பு. 56 நாள் அடைப்பை நினைவில் வைத்து, இரண்டு மாத வாடகையும் சம்பளமும் தனியே ஒதுக்க முயல வேண்டும். ஒரே மாதத்தில் முடியாது; சிறுகச் சிறுகச் சேர்க்கலாம்.

மூன்றாவது, சரக்கு. நாடு படிப்படியாகத் திறக்கும்போது கடையும் அப்படியே திறக்க வேண்டும். முதல் நாளே கடன் வாங்கிக் கிடங்கை நிரப்பியவர், மறுபடி அடைத்தபோது அழுகிய சரக்கோடு நின்றார். இரண்டு வார விற்பனையைப் பார்த்துப் பிறகு வாங்குவது நலம்.

நான்காவது, சிப்பந்திகள். அடைப்புக் காலத்தில் உண்ண உணவும் தங்க இடமும் கொடுத்து அவர்களை வைத்துக்கொண்ட முதலாளிகள், திறந்த நாளன்றே அடுப்பு மூட்டினார்கள். அனுப்பிவிட்டவர்கள், எல்லை மூடியிருந்ததால், ஆள் தேடித் தவித்தார்கள்.

ஐந்தாவது, சங்கம். எந்த விதி என்று மாறுகிறது, எந்த நிவாரணத்துக்கு எப்படி மனுச் செய்வது என்பதைப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் நம்மில் உண்டு. விவரம் தெரிந்த இளைஞர்கள் சிலரை இதற்கென இப்போதே குறித்து வைத்தல் நலம். அடுத்த கூட்டத்தில் இதனை அங்கத்தினர்கள் எடுத்துப் பேச வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.

பூட்டைத் திறக்கச் சாவி ஒன்று போதும். கதவைத் திறந்தே வைத்திருக்கப் பொறுமையும் கணக்கும் பிறர்மீது அக்கறையும் வேண்டும். இம்மூன்றையும் அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.