தண்ணீர், ஸ்லைடு, ஓர் இரவு

அன்புள்ள தாமரை,

நீ அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். வெரோனிகா லேக், ரீட்டா ஹேவொர்த், மர்லின் மன்றோ. கல்லூரி நாடகத்தில் 1940களின் ஹாலிவுட் நடிகையாக வரப் போகிறாய். இந்த மூவரில் ஒருவரைப் போலத் தலை அமைய வேண்டும். கர்லிங் அயர்ன் வாங்கட்டுமா, பார்லரில் பெர்ம் செய்துகொள்ளட்டுமா, கொஞ்சம் ப்ளீச் செய்தால்தான் அந்தப் பளபளப்பு வருமா என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். எதுவும் வேண்டாம். அந்த நடிகைகளின் அழகில் பாதிக்கு மேல் ஸ்டுடியோ செய்தது. அது நமக்கு எட்டாது, எட்டவும் வேண்டியதில்லை. ஆனால் அந்த அலை அலையான முடி மட்டும் எந்தக் காலத்திலும் ஸ்டுடியோவின் ரகசியமாக இருந்ததில்லை. திரையில் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன தட்டச்சுக்காரிகளும் தொழிற்சாலைப் பெண்களும் அன்று இரவே கண்ணாடி முன் உட்கார்ந்து அதையேதான் செய்தார்கள். ஈர முடியைச் சுருட்டி, தலையோடு படிய வைத்து, ஸ்லைடு குத்தி, மேலே ஒரு துணியைக் கட்டிக்கொண்டு தூங்கினார்கள். பின் கர்ல் என்பது அவ்வளவுதான்.

நட்சத்திரங்களுக்கும் அதே வழிதான். ஷெர்லி டெம்பிள் என்ற குழந்தை நட்சத்திரத்தின் சுருட்டை முடியை 1930களில் உலகமே கொண்டாடியது. அந்தச் சுருள்களைப் போட்டது அவளுடைய அம்மா கெர்ட்ரூட். பின் வைத்துச் சுருட்டுவார். ஒவ்வொரு முறையும் சரியாக 56 சுருள். மகள் பெரிய கம்பெனியின் நடிகை, ஆனாலும் தலை அம்மாவின் கையில்தான் இருந்தது. உனக்கு நான் சொல்லித்தர நினைப்பதும் இந்தக் கைவேலையை மட்டும்தான்.

ஏன் இது நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் எங்கே கெடும் என்பதும் தெரிந்துவிடும். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் பிணைப்புகளில் ஒருவகை ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் பட்டால் அது விட்டுவிடும். காய்ந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். காயும் நேரத்தில் முடி எந்த வடிவத்தில் கிடக்கிறதோ, அந்த வடிவத்திலேயே பிடித்துக்கொள்ளும். பெர்ம் மருந்து அசைப்பது அதைவிட உறுதியான கந்தகப் பிணைப்பை. அதனால்தான் அது மாதக்கணக்கில் நிற்கிறது, முடியையும் வலுவிழக்க வைக்கிறது. பின் கர்ல் அவ்வளவு ஆழத்துக்குப் போவதில்லை. அடுத்த முறை தலைக்குக் குளித்ததும் உன் முடி உன்னிடம் பழையபடி வந்துவிடும். இதன் பலவீனமும் அதுதான். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் முடி அதையும் உறிஞ்சிக்கொண்டு அலையை விட்டுவிடும். சென்னையில் இருக்கிறாய், இதை மறக்காதே.

முதலில் எண்ணெய். தேங்காயெண்ணெய் தேய்த்த தலையில் எந்தச் சுருளும் நிற்காது. வைப்பதானால் முதல் நாளே வைத்து, மறுநாள் நன்றாக அலசிவிடு. கண்டிஷனர் நுனியில் மட்டும் கொஞ்சம். முடி சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கக் கூடாது. துண்டில் ஒற்றி, சிக்கெடுத்து, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் அளவுக்கு ஈரம் போதும். பிறகு பிடிமானத்துக்கு ஏதாவது தடவ வேண்டும். கடையில் செட்டிங் லோஷன் கிடைக்கும். வீட்டிலேயே செய்வதானால் கால் கப் ஆளி விதையை இரண்டு கப் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிடு. வழவழப்பாகக் கெட்டியாக ஆரம்பித்ததும் இறக்கி, சூட்டோடேயே வடிகட்டிவிடு. ஆறவிட்டால் விதையை விட்டுப் பிரியாது. ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாள் பயன்படுத்தலாம்.

இனி, சுருட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது. பெரும்பாலோர் இதைத்தான் செய்வதில்லை. படத்தை எடுத்துவைத்துக்கொண்டு அதைப் படி. வகிடு எங்கே? முடி எந்த உயரம் வரை படிந்திருக்கிறது, அலை எங்கே தொடங்குகிறது? முதல் வளைவு முகத்தை நோக்கி வருகிறதா, முகத்தை விட்டு விலகுகிறதா? வெரோனிகாவுக்கு வகிடு இடது ஓரம். முடி வலது கண்மேல் விழுகிறது. உச்சந்தலையில் வழுவழுப்பாகப் படிந்து, கீழே வர வரத்தான் அலை பிறக்கிறது. அப்படியானால் உச்சியிலிருந்தே சுருட்டக் கூடாது என்பது படத்திலேயே இருக்கிறது. ஒரு காகிதத்தில் தலையை வட்டமாக வரைந்து, ஒவ்வொரு வரிசைக்கும் எந்தத் திசை என்று அம்புக்குறி போட்டுவிடு. சுருள் சின்னதா பெரிதா என்பதைவிட அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில்தான் அந்தக் காலத்துத் தலையலங்காரம் இருக்கிறது. ஒரு வரிசை முழுவதும் முகத்தை நோக்கி, அடுத்த வரிசை முழுவதும் முகத்தை விட்டு விலகி, மறுபடி முகத்தை நோக்கி. இப்படி மாற்றி மாற்றிப் போட்டால் வாரும்போது ஒரு வளைவும் அதற்கு எதிர்வளைவும் சேர்ந்து அலையாகிவிடும். எல்லா வரிசையும் ஒரே பக்கம் திரும்பியிருந்தால் அலை வராது. நுனி மொத்தமாக ஒரு பக்கம் மடங்கிய கூந்தல்தான் வரும். மன்றோவினுடையது இன்னொரு வகை. அது 1950களின் குட்டை வெட்டு. உன் முடி நீளத்துக்கு அதைத் தொட வேண்டாம்.

சுருட்டும் முறை இது. வால் சீப்பால் ஓர் அங்குலச் சதுரமாக முடியைப் பிரித்தெடு. படிய வாரி, லோஷன் தடவி, நுனியைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து வேரை நோக்கிச் சுருட்டிக்கொண்டு வா. நுனி மடங்காமல் வட்டத்துக்குள் அடங்க வேண்டும்; மடங்கினால் காய்ந்த பிறகு அந்த இடம் தூண்டில் முள்ளாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நடுவே துளை விட்டு, தலையோடு படுக்கவை. கொசுவத்திச் சுருள் போலத் தட்டையாக இருக்க வேண்டும், உருளையாக நிமிரக் கூடாது. அதன்மேல் ஸ்லைடைக் குறுக்கே செருகு. அடர்த்தியான முடிக்கு இரண்டைப் பெருக்கல் குறியாக வை. வட்டம் ஒரு விரல் அகலமென்றால் அலை நெருக்கமாக வரும், இரண்டு விரலென்றால் இளகி வரும். நெற்றியோரம் கொஞ்சம் எழும்பி நிற்க வேண்டும் என்றால் அங்கே மட்டும் சுருளைப் படுக்க வைக்காமல் நிறுத்திவைத்துக் குத்து.

உன் முடி நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1940களின் பெண்கள் பெரும்பாலும் தோள் வரையில், அதுவும் அடுக்கடுக்காக வெட்டிய முடிதான் வைத்திருந்தார்கள். அந்த வெட்டு சுருளுக்காகவே வந்தது. வெரோனிகா அதற்கு விலக்கு. 1941 நவம்பரில் 'லைஃப்' பத்திரிகை அவர் முடியை அளந்தே எழுதியது: முன்பக்கம் 17 அங்குலம், பின்பக்கம் 24. உன்னுடையது இடுப்பைத் தொடுகிறது. அந்தக் கனமே அலையை இழுத்துத் தளர்த்திவிடும். இதற்காக வெட்டிக்கொள்ள வேண்டாம். கீழ்ப்பாதியை உள்ளே மடித்துக் கழுத்தோரம் பின் குத்தி, மேல்பாதியை மட்டும் அலையாக விடலாம். அரங்கத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோள் வரையிலான முடியாகத்தான் தெரியும்.

காய்வதில் அவசரப்படாதே. மாலையிலேயே சுருட்டிவிடு; மின்விசிறிக் காற்றில் முக்கால்வாசி காய்ந்த பிறகு பட்டுத்துணியோ சாட்டினோ கட்டிக்கொண்டு படு. பருத்தித் துணி முடியை உராய்ந்து பிசிறாக்கும். உன்னைப் போன்ற அடர்த்தியான முடிக்கு ஓர் இரவு முழுக்க வேண்டும். காலையில் பிடரிக்கு மேலே இருக்கும் ஒரு சுருளை மட்டும் அவிழ்த்து உள்ளே விரல் வைத்துப் பார். கொஞ்சம் குளிர்ச்சி தெரிந்தாலும் திரும்பச் சுருட்டிக் குத்திவிட்டுக் காத்திரு. டிரையர் பிடிப்பதானால் இளஞ்சூட்டில் பிடி, பிறகு முழுக்க ஆறும் வரை பின்னை எடுக்காதே.

பின்னை எடுத்ததும் நீ பயந்துபோவாய். முன்கூட்டியே சொல்கிறேன். கண்ணாடியில் தெரிவது ரீட்டா அல்ல, ஷெர்லி டெம்பிளாக இருக்கும்: இறுக்கமான, துள்ளுகிற, ஒட்டாத சுருள்கள். இந்த இடத்தில்தான் பலர் விரலால் லேசாகக் கோதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நீ நிறுத்தாதே. பிரஷ்ஷை எடுத்து, நுனியிலிருந்து தொடங்கி, பிறகு வேரிலிருந்து, அழுத்தமாக வாரு. முதலில் எல்லாம் பஞ்சாகப் பறக்கும், முடி இரண்டு மடங்காகும், இரவெல்லாம் பட்ட பாடு போய்விட்டது என்று தோன்றும். தொடர்ந்து வாரு. உள்ளங்கையில் ஒரு துளி எண்ணெயோ கொஞ்சம் பொமேடோ தேய்த்துக்கொண்டு, ஒரு கை வார, மறு கை கூடவே தடவிக்கொண்டு வரட்டும். சிறிது நேரத்தில் சுருள்கள் ஒன்றையொன்று கண்டுபிடித்துச் சேர்ந்துகொள்ளும். பள்ளம் விழும் இடத்தில் விரலை வைத்து மெல்ல மேலே தள்ளினால் அலையின் முகடு எழும். நான் பார்லரில் இத்தனை காலமாக இதைச் செய்கிறேன்; அந்தக் கணம் இன்றைக்கும் எனக்கு மகிழ்ச்சிதான்.

இந்த வாரலால்தான் அந்தக் காலத்து முடி அசைந்தது. 'கில்டா' (1946) படத்தில் ரீட்டா ஹேவொர்த் முதன்முதலாகத் திரையில் தோன்றும்போது, கீழேயிருந்து தலையைத் தூக்கி முடியைப் பின்னால் வீசியபடி வருவார். தேடிப் பார். மொத்தக் கூந்தலும் எழுந்து, விழுந்து, மறுபடி தன் அலைக்கே திரும்பும். ஏரோசால் ஹேர் ஸ்ப்ரே கடைகளுக்கு வந்ததே இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான். நாடகத்தன்று ஸ்ப்ரேயைக் கொட்டி முடியை மரமாக்கிவிடாதே; தூரத்திலிருந்து லேசாக ஒரு முறை போதும்.

அந்த ரீட்டாவைப் பற்றி உனக்குத் தெரிய வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பிறந்த பெயர் மார்கரீட்டா கான்சினோ. ஸ்பானிய நடனக்காரரின் மகள், உன்னைப் போலவே கருமுடிக்காரி. நெற்றி சிறியது என்று சொல்லி, மின்சார ஊசியால் முன்நெற்றி மயிர்க்கால்களை ஒவ்வொன்றாக அழித்து நெற்றியை அகலமாக்கினார்கள். முடிக்குச் செம்பழுப்புச் சாயம் ஏற்றினார்கள். பிறகு 'த லேடி ஃப்ரம் ஷாங்காய்' படத்துக்காக, அப்போது அவர் கணவராக இருந்த இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் அந்த முடியை வெட்டி வெளிர்பொன் நிறமாக்கியபோது, கொலம்பியா ஸ்டுடியோவின் தலைவர் ஹாரி கோன் ஆத்திரப்பட்டார். ஸ்டுடியோவின் சொத்தில் கைவைத்ததாக அவருக்குப் பட்டது. தலை அவளுடையது, அதைப் பற்றிச் சண்டை போட்டதோ இரண்டு ஆண்கள். வெரோனிகாவின் கதையும் அப்படித்தான் போயிற்று. அவரைப் பார்த்துப் போர்க்காலத் தொழிற்சாலைப் பெண்கள் முடியை முகத்தில் தொங்கவிட, அது இயந்திரங்களில் சிக்கும் ஆபத்து இருந்ததால், பாணியை மாற்றச் சொல்லி அரசாங்கம் அவரைக் கேட்டுக்கொண்டது. 1943இல் அவர் முடியைத் தூக்கிக் கட்டிக் காட்டினார். 'வெரோனிகா லேக் முடி' என்றே தெரிந்துவைத்திருந்த உலகத்தில், முடியைக் கட்டிய அந்தப் பெண்ணுக்குச் சில வருடங்களில் வாய்ப்புகள் குறைந்தன. 1948இல் பாராமவுண்ட் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதனால்தான் நீ 'ப்ளீச்' என்று எழுதியதைப் படித்ததும் எனக்குப் பதறியது. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அலையை. அவர்கள் பட்டதையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பளபளப்பு பற்றிக் கேட்டிருந்தாயே, அது விளக்கின் வேலை. ஜார்ஜ் ஹரல் போன்ற ஸ்டுடியோ புகைப்படக்காரர்கள் முடிக்கென்றே மேலேயும் பின்னாலும் தனி விளக்கு வைத்தார்கள். எடுத்த பிறகு நெகட்டிவிலேயே கையால் திருத்தினார்கள். நீ கண்ணாடியில் பார்ப்பதை அந்தப் படத்தோடு ஒப்பிடாதே. நாடகத்துக்கு விளக்குப் போடுகிறவரிடம், நீ நிற்கும் இடத்துக்குப் பின்னாலிருந்து ஒரு விளக்கு வேண்டும் என்று இப்போதே சொல்லிவை. கருங்கூந்தலில் அலையின் முகட்டில் மட்டும் ஒளி படும். வெளிர் முடியைவிட அலை தெளிவாகத் தெரியும்.

யாரைப் போலப் போடலாம் என்றால், ரீட்டாவைப் போலப் போடு. வெரோனிகாவின் பாணி படத்துக்கு அழகு, மேடைக்குச் சங்கடம். ஒரு கண் மறைந்தால் உன் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு முகம் கிடைக்காது; வசனம் பேசும் பெண்ணுக்கு அது பெரிய இழப்பு.

அன்றைக்கு மழையோ புழுக்கமோ இருந்தால் வீட்டில் பின்னை எடுக்காதே. துணியைக் கட்டிக்கொண்டே அரங்கத்துக்குப் போய், மேக்கப் முடிந்த பிறகு கடைசியாக அவிழ்த்து வாரிக்கொள். அப்படியும் கீழே தளர்ந்தால், முன்பக்கத்தை இரண்டு பெரிய உருளையாக மேலே சுருட்டிக் குத்திவிட்டு, பின்பக்கத்தை வலையில் போட்டுக்கொள். 1940களின் பெண்கள் வேலைக்குப் போன தலை அதுதான். உன் நாடகத்தின் காலத்துக்குப் பொருந்தாமல் போகாது.

இரண்டு வாரம் இருக்கிறது. நாடகத்துக்கு முதல் நாள்தான் முதன்முறையாகச் செய்து பார்க்கலாம் என்று இருந்துவிடாதே. இந்தச் சனிக்கிழமை இரவே சுருட்டு. பின்மண்டை உன் கைக்கு எட்டாது, அம்மாவை உட்காரவைத்து அம்புக்குறி போட்ட காகிதத்தைக் கையில் கொடு. ஞாயிறு காலை மூன்று படம் அனுப்பு: பின்னோடு ஒன்று, அவிழ்த்ததும் ஒன்று, வாரி முடித்ததும் ஒன்று. நடுவில் எடுத்த படத்தை அனுப்பக் கூச்சப்படாதே. எந்த வரிசை திசை மாறிப்போனது என்று அதில்தான் எனக்குத் தெரியும்.

அன்புடன்,
உன் அத்தை