சக்கரம் மாற்றுமுன் ஒரு கணக்கு



ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மாணவர் மன்றத் தம்பிகள் கேட்டபோது, "என்ன எழுதலாம்?" என்று திருப்பிக் கேட்டேன். "அலாய் வீல் பத்தி எழுதுங்கண்ணே. எல்லாப் பசங்களும் அதைத்தான் கேக்குறாங்க" என்றார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். இந்த விஷயத்தில் நான் கற்ற பாடம் வகுப்பறையில் கற்றதல்ல. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டுத் துபாயில் ஒரு டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு தவறு செய்து கற்றது. அந்தத் தவறை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

நான் செய்த தவறு

ஒரு நாள் மாலை, சிவப்பு நிற மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று கடைக்கு வந்தது. 1989-ஆம் ஆண்டு சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான முதல் தலைமுறை வண்டி. இரண்டே இருக்கை, மடக்கும் கூரை, 1.6 லிட்டர் என்ஜின், சுமார் 115 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. உலகிலேயே அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் இதுதான். 2016-ஆம் ஆண்டு பத்து லட்சமாவது வண்டி தயாரானது.

வண்டிக்காரர் ஏற்கெனவே ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தியிருந்தார். கம்பெனியின் 14 அங்குல சக்கரத்துக்குப் பதில் 17 அங்குலம் வேண்டும் என்றார். கடையில் 7.5 அங்குல அகலத்தில், 20 ஆஃப்செட்டில் ஒரு செட் இருந்தது. நான்கு துளைகளும் பொருந்தின. 205/40 ஆர்17 டயர் போட்டு, பேலன்ஸ் செய்து மாட்டிவிட்டேன். பார்க்க அட்டகாசமாக இருந்தது. அவர் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

மறுநாளே திரும்பி வந்தார். "90-க்கு மேலே போனா ஸ்டியரிங் நடுங்குது" என்றார். மறுபடி பேலன்ஸ் பார்த்தேன், சரியாகவே இருந்தது. "டயர் புதுசு சார், ஓட ஓடச் சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் வண்டி இழுவை வண்டியின் மேல் வந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கியபோது பின்பக்க வலது டயர் மட்கார்டின் உள்மடிப்பில் பட்டு, தோள்பட்டை ரப்பர் அறுந்து உள்ளே கயிறு தெரிந்தது. வலது இருக்கையில் அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள். வேகத்தடை என்பதால் வண்டி மெதுவாகப் போயிருக்கிறது. அதே டயர் நெடுஞ்சாலையில் 120-இல் வெடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எங்கள் கடையில் மூத்த மெக்கானிக் ஓர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம். அறுந்த டயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏ தம்பி, நீ டிப்ளமோ படிச்சவன்தானே? மாட்டுறதுக்கு முன்னால ஒரு காயிதத்துல கணக்குப் போட்டுப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அந்தக் கணக்கைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

1. டயரில் எழுதியிருப்பதைப் படித்தல்

எம்எக்ஸ்-5-இன் கம்பெனி டயர் 185/60 ஆர்14. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது டயர்ச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் என மூன்று அளவைகள் கலந்திருப்பதால்தான் பலர் குழம்புகிறார்கள்.

அதற்குப் பக்கத்தில் 82எச் என்பதுபோல ஒன்று இருக்கும். 82 என்பது பாரக் குறியீடு. ஒரு டயர் 475 கிலோ தாங்கும் என்று பொருள். எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வரை, வி என்பது 240 கி.மீ. வரை. புது டயரின் பாரக் குறியீடு கம்பெனி கொடுத்ததைவிடக் குறையவே கூடாது. வண்டி லேசானதுதானே என்று வாதம் செய்யாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரங்களுக்குத் தாவுகிறது. பள்ளத்தில் விழும்போது ஒரே சக்கரம் பெரிய அடியை வாங்குகிறது. குறியீட்டில் இருக்கும் மிச்சம் அதற்காகத்தான்.

2. வெளிவிட்டம் மாறக் கூடாது

முதல் விதி இது: ரிம் பெரிதானால் டயர்ச் சுவர் அந்த அளவுக்குச் சிறிதாக வேண்டும். மொத்த வெளிவிட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும்.

வெளிவிட்டம் = (ரிம் அங்குலம் × 25.4) + (2 × டயர்ச் சுவர் உயரம்)

நமது வண்டிக்குப் போட்டுப் பார்ப்போம். 14 × 25.4 = 355.6 மி.மீ. டயர்ச் சுவர் 185-இல் 60 சதவீதம் = 111 மி.மீ. இரண்டு பக்கம் 222. மொத்தம் 577.6 மி.மீ. இதே முறையில் மற்ற அளவுகள்:

195/50 ஆர்15 – 576.0 மி.மீ. (0.3 சதவீதம் குறைவு)
205/50 ஆர்15 – 586.0 மி.மீ. (1.5 சதவீதம் அதிகம்)
205/40 ஆர்16 – 570.4 மி.மீ. (1.2 சதவீதம் குறைவு)
205/40 ஆர்17 – 595.8 மி.மீ. (3.2 சதவீதம் அதிகம்)

மூன்று சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது தொழிலில் இருக்கும் வழக்கம். நான் மாட்டியது கடைசி வரியில் இருப்பது! முதல் கணக்கிலேயே மாட்டியிருப்பேன்.

விட்டம் மாறினால் என்ன கெடும்? ஸ்பீடோமீட்டர் சக்கரச் சுழற்சியைத்தான் எண்ணுகிறது. சக்கரம் 3.2 சதவீதம் பெரிதானால், முன்பு 100 கி.மீ. வேகத்தில் போனபோது முள் எங்கே நின்றதோ, அதே இடத்தில் இப்போது வண்டி 103-இல் போகும். ஐக்கிய நாடுகளின் 39-ஆம் எண் விதிப்படி ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. அதனால் கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் கூட்டியே காட்டும்படி வைக்கிறார்கள். பெரிய சக்கரம் அந்தப் பாதுகாப்பைத் தின்றுவிடுகிறது. கியர் விகிதமும் நீண்டதுபோல் ஆகி, வண்டி இழுவையில் சோம்பல் காட்டும். மட்கார்டுக்குள் இடமும் குறையும்.

3. ரிம்மின் அகலம்

ஒவ்வொரு டயர் அளவுக்கும் எந்த அகல ரிம் பொருந்தும் என்று தயாரிப்பாளர்களின் அட்டவணை இருக்கிறது. 185/60 ஆர்14-க்கு 5 முதல் 6.5 அங்குலம். 195/50 ஆர்15-க்கு 5.5 முதல் 7 அங்குலம். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் சுவர் பிதுங்கி, வளைவில் டயர் நெளியும். அகல ரிம்மில் ஒடுங்கிய டயரை இழுத்துப் போட்டால், ரிம் விளிம்பு வெளியே தெரியும். ஓரம் மீது உரசினால் அடி ரிம்முக்குத்தான். ரிம் அரை அங்குலம் அகலமானால் டயரும் சுமார் 5 மி.மீ. அகலமாகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஆஃப்செட்: என்னை வீழ்த்திய எண்

ரிம்மின் அகலத்துக்கு நட்டநடுவே ஒரு கோடு போடுங்கள். ஹப்பில் போய் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். அந்த முகம் வெளிப்பக்கம் இருந்தால் பாசிட்டிவ். ரிம்மில் ஈ.டி.45 என்று எழுதியிருந்தால் 45 மி.மீ. பாசிட்டிவ். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளிக்கொண்டு வரும். எண் கூடக் கூட உள்ளே போய் சஸ்பென்ஷனைத் தொடும்.

இதற்கும் ஒரு சுலபமான கணக்கு உண்டு. ஹப் முகத்திலிருந்து,

வெளியே நீளும் தூரம் = டயர் அகலத்தில் பாதி – ஆஃப்செட்
உள்ளே நீளும் தூரம் = டயர் அகலத்தில் பாதி + ஆஃப்செட்

எம்எக்ஸ்-5-இன் கம்பெனி ரிம் 5.5 அங்குல அகலம், ஈ.டி.45. டயர் 185, பாதி 92.5. வெளியே 47.5 மி.மீ., உள்ளே 137.5 மி.மீ.

நான் மாட்டியது 205 டயர், ஈ.டி.20. பாதி 102.5. வெளியே 82.5, உள்ளே 122.5. அதாவது டயர் பழைய இடத்தைவிட 35 மி.மீ. வெளியே வந்துவிட்டது. வெளிவிட்டமும் கூடியிருந்ததால் டயரின் மேல்விளிம்பு 9 மி.மீ. உயர்ந்தது. போதாக்குறைக்கு வண்டி தாழ்த்தப்பட்டது. மட்கார்டு அறுக்காமல் என்ன செய்யும்? இரண்டு நிமிடக் கணக்கு இது. போட்டிருந்தால் அந்த ரிம்மைப் பெட்டியிலிருந்தே எடுத்திருக்க மாட்டேன்.

உரசல் மட்டுமே பிரச்சினை இல்லை. சக்கரம் வெளியே தள்ளினால் வீல் பேரிங் மீது நெம்புவிசை கூடும். ஸ்டியரிங் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் மையத்துக்கும் உள்ள தூரம் மாறுவதால், ஒவ்வொரு பள்ளமும் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும்.

5. துளையும் நடு ஓட்டையும்

போல்ட்டுகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டமே பி.சி.டி. எம்எக்ஸ்-5-க்கு நான்கு துளை, 100 மி.மீ. நம் ஊர் மாருதி ஸ்விஃப்டுக்கும் அதேதான். ஃபியட் யூனோவுக்கு 98. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தட்டி ஏற்றிவிடலாம் எனத் தோன்றும். நட் சாய்வாக உட்கார்ந்து, ஓட ஓடத் தளரும். விளையாட வேண்டாம்.

அடுத்தது ரிம்மின் நடு ஓட்டை. எம்எக்ஸ்-5 ஹப்பின் விட்டம் 54.1 மி.மீ. நான் மாட்டிய ரிம்மின் ஓட்டை 73.1 மி.மீ. பல வண்டிகளுக்கும் பொருந்த வேண்டும் என்று கடைச் சரக்கு ரிம்களைப் பெரிய ஓட்டையோடு செய்கிறார்கள். இடையில் ஹப் ரிங் என்னும் வளையம் போட வேண்டும். நான் போடவில்லை. சக்கரம் மையத்தில் உட்காரவில்லை, அதனால்தான் நடுக்கம். பேலன்ஸ் மெஷினில் சக்கரத்தை அதன் சொந்த மையத்தில் பிடித்துச் சுற்றுகிறோம், ஆகவே அங்கே குறை தெரியாது. "மிஷின் நல்லாருக்குன்னு சொல்லும், வண்டி ஆடும்" என்றார் அண்ணாச்சி.

நட்டின் கூம்பும் ரிம்மின் கூம்பும் ஒத்துப்போக வேண்டும். எதிரெதிர் நட்டாக முடுக்கி, டார்க் ரெஞ்ச் வைத்து முடிக்க வேண்டும். இந்த வண்டிக்கு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர். 100 கி.மீ. ஓடியபின் மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

6. எடையை மறக்காதீர்கள்

எம்எக்ஸ்-5-இன் பழைய 14 அங்குல அலாய் சக்கரம் சுமார் 5.5 கிலோதான். மலிவான வார்ப்பு 17 அங்குல ரிம் 9 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. இந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பது. சக்கரம் கனமானால் ரோட்டின் மேடுபள்ளத்தைப் பின்தொடர முடியாமல் தரையை விட்டுத் துள்ளும், பிடிமானம் போகும். சக்கரம் ஓடுவது மட்டுமல்ல, சுழலவும் செய்கிறது. விளிம்பில் கூடும் ஒரு கிலோவை வேகப்படுத்த, இருக்கையில் வைத்த ஏறக்குறைய இரண்டு கிலோவை வேகப்படுத்தும் அளவு உழைப்பு வேண்டும். 115 குதிரை வண்டிக்கு இது சின்ன விஷயமல்ல.

முன்னும் பின்னும் வேறு வேறு அகலம் போடும் ஆசையும் சிலருக்கு உண்டு. இந்த வண்டியின் எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்பட்டது. பின்னால் மட்டும் அகல டயர் போட்டால், வளைவில் முன்பக்கம் வெளியே வழுக்கப் பார்க்கும். குதிரையும் வீரனும் ஒன்றானதுபோல் இருக்க வேண்டும் என்று ஜப்பானியர் உழைத்துச் செய்த வண்டியை, நாம் ஒரே நாளில் கெடுத்துவிடுவோம்.

முடிவில் என்ன மாட்டினோம்?

அண்ணாச்சி பக்கத்தில் நிற்க, தாளில் நானே கணக்குப் போட்டேன். ரிம் 15 அங்குலம், அகலம் 6.5, ஈ.டி.40. டயர் 195/50 ஆர்15 82வி. வெளிவிட்டம் 576, வித்தியாசம் 1.6 மி.மீ. மட்டுமே. வெளியே 97.5 – 40 = 57.5, பத்தே மில்லிமீட்டர் அதிகம். உள்ளே 97.5 + 40 = 137.5, கம்பெனி அளவு அப்படியே! ரிம் கொஞ்சம் அகலம் என்பதால் டயர் சில மில்லிமீட்டர் கூடப் பிதுங்கும், அதற்கும் இடம் இருந்தது. 54.1 ஹப் ரிங் போட்டோம். மாட்டியபின் இருவரை உட்கார வைத்து, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தோம். எங்கும் தொடவில்லை. புது செட்டின் விலையில் பாதி என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அது நியாயமே.

வண்டிக்காரர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "17 அளவுக்கு எடுப்பா இல்ல. ஆனா வண்டி என் பேச்சைக் கேக்குது" என்றார். அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

தம்பிகளே, ஊரில் இதைச் செய்யுமுன் இன்னொன்று: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே அனுமதியையும் காப்பீட்டையும் விசாரித்த பிறகே ஸ்பேனரை எடுங்கள்.

நாளை உங்களில் ஒருவர் டயர் கடையில் நிற்பீர்கள். வாடிக்கையாளர் அழகைக் கேட்பார். கேட்பது அவர் உரிமை. வெளிவிட்டம், பாரக் குறியீடு, ரிம் அகலம், ஆஃப்செட், பி.சி.டி., நடு ஓட்டை என்ற ஆறையும் தாளில் எழுதிப் பார்ப்பது உங்கள் கடமை. உரசுவது தாளிலேயே உரசட்டும். ரோட்டில் உரச வேண்டாம்.