லடாக்கின் கீரைப் பாத்தியும் சில தவறான நம்பிக்கைகளும்

ஜனவரி இரவுகளில் லே நகரின் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி வரை இறங்கும். ஸோஜி லா கணவாயைப் பனி மூடிவிட்டால் காய்கறி விமானத்தில்தான் வரவேண்டும். அந்த ஊரில் விறகோ ஹீட்டரோ இல்லாமல், வெயிலை மட்டும் வைத்துப் பசுமைக்குடிலில் கீரை பறிக்கிறார்கள். இதை நம்பாதவர்களால் நஷ்டமில்லை. அரைகுறையாகக் கேட்டு நம்பி, தவறாகக் கட்டிப் பணத்தை இழப்பவர்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.

நம்பிக்கை: கடுங்குளிர் ஊரில் வெயிலுக்கு வலு இருக்காது.

லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர் அந்த உயரத்தால் வருவது. வெயிலுக்கோ அங்கே பஞ்சமில்லை. ஆண்டில் சுமார் 300 நாள் அடிக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்துக்கு மேல் 32 டிகிரியில் நிற்கும். குடிலின் தெற்கு பார்த்த பாலித்தீன் வழியாக அந்தத் தாழ்ந்த வெயில் பின்சுவர் வரை எட்டிவிடுகிறது. ஆனால் மாதக்கணக்கில் மேகம் கவிந்து கிடக்கும் ஊரில் இதே குடில் கைகொடுக்காது.

நம்பிக்கை: நாலு பக்கமும் கண்ணாடி போட்டால் சூடு கூடும்.

அதிகம் பேரைக் கெடுப்பது இதுதான். பகலில் கூடும், வாஸ்தவம். ராத்திரி அத்தனையும் அதே கண்ணாடி வழியே போய்விடும். லடாக் குடிலில் தெற்கு மட்டுமே பாலித்தீன். மற்ற மூன்று பக்கமும் பச்சைச் செங்கல்லில் இரட்டைச் சுவர். நடுவில் சுமார் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வைக்கோல் திணிக்கிறார்கள். வடக்குச் சுவரின் உட்புறத்துக்குக் கறுப்பு பூசுகிறார்கள். பகலெல்லாம் வெயில் குடித்த அந்தச் சுவர் இரவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைக் கக்கும். பொழுது சாய்ந்ததும் பாலித்தீன் மேல் துணிப் போர்வையை இழுத்து மூடிவிட வேண்டும். உள்ளே 200 லிட்டர் தண்ணீர் டிரம் ஒன்று வைத்து, அது 10 டிகிரி சூடேறினால், ஒரு கிலோவாட் ஹீட்டரைச் சுமார் இரண்டேகால் மணி நேரம் ஓட்டியதற்குச் சமமான வெப்பம் அதில் சேர்ந்திருக்கும்.

நம்பிக்கை: வெப்பக் கதிரைக் கண்ணாடி வெளியே விடாததால்தான் குடில் சூடாகிறது.

பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் படித்தது இது. 1909-இல் அமெரிக்க இயற்பியலர் ஆர். டபிள்யூ. வுட் இரண்டு பெட்டிகளை எடுத்து, ஒன்றைக் கண்ணாடியாலும் மற்றதை வெப்பக் கதிர் ஊடுருவும் கல்லுப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். வெயிலை முதலில் ஒரு கண்ணாடியால் வடிகட்டி இரண்டுக்கும் ஒரே அளவு கிடைக்கச் செய்தபோது, சூட்டில் ஒரு டிகிரி வித்தியாசம்கூடத் தேறவில்லை. சூடான காற்று வெளியேறாமல் அடைபடுவதுதான் முக்கியக் காரணம் என்றார். ஆகவே கதவிடுக்கில் விரல் நுழையும் சந்து இருந்தால் முதலில் அதைச் சேறு வைத்து அடையுங்கள். விலையுயர்ந்த கண்ணாடியைப் பிறகு யோசிக்கலாம். அதற்காக எந்நேரமும் மூடியே வைப்பதும் தப்பு. நண்பகலில் கொஞ்ச நேரம் திறக்காவிட்டால் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

நம்பிக்கை: பள்ளம் தோண்டினால் பூமியே சூடு தரும்.

ஆழத்து மண் ஏறக்குறைய அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையில் இருக்கும். லேயில் அது 10 டிகிரிக்கும் கீழே. அங்கும் குழிக்குடில்கள் உண்டு. குழி காற்றைத் தடுக்கும், சூடு போவதைக் குறைக்கும், அவ்வளவே.

நம்பிக்கை: சோலார் பேனல் கட்டாயம் வேண்டும்.

வேண்டாம். வெயிலை மின்சாரமாக்கி மறுபடி வெப்பமாக்குவதில் பெரும்பகுதி வீணாகும்.

நம்பிக்கை: உள்ளே கோடைகாலம் போல எல்லாம் விளையும்.

ஜனவரியில் தக்காளியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பசலை, கொத்தமல்லி, லெட்யூஸ் போன்றவையே தாங்கும். அவையும் சில விடியல்களில் விறைத்துக் கிடக்கும். அப்போது கைவைத்தால் இலை கறுத்துக் குழைந்துவிடும். போர்வையை விலக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பாலித்தீனின் உட்புறத்து உறைபனி துளித்துளியாய்ச் சொட்டும்; பசலை இலைகள் ஒவ்வொன்றாக நிமிரும். அதன்பிறகு அறுக்கலாம்.