வீட்டிலேயே புரோட்டீன் பார்
வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 1 கப், பொட்டுக்கடலை அரை கப், வறுத்த எள் 2 ஸ்பூன். மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டிக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். விடாமல் ஓட்டினால் கடலை எண்ணெய் கக்கிவிடும். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 15-ஐ மசித்துச் சேர்த்துப் பிசைந்து, நெய் தடவிய தட்டில் அழுத்தி, 1 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து வில்லை போடுங்கள்.

உதிர்கிறதா? இன்னும் இரண்டு பழம். கையில் ஒட்டுகிறதா? பொட்டுக்கடலை மாவு கொஞ்சம். வெல்லப்பாகில் செய்வதானால், தண்ணீரில் விட்டதும் மெத்தென்று உருளும் பதத்திலேயே இறக்குங்கள். முற்றினால் கடலை மிட்டாய்தான் (அதுவும் மோசமில்லை!). வேர்க்கடலை ஒவ்வாதவர்களுக்கு வறுத்த பூசணி விதை.

100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. விலை கூடிய பவுடர் எதற்கு? பேரீச்சையிலும் சர்க்கரை உண்டு, நீரிழிவு உள்ளவர்கள் அளவு பார்க்கவும்.