சென்சாரை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

சரக்கு ஏற்றும் பெட்ரோல் வேனில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால், ஸ்கேனர் போட்டுப் பார்த்து ‘ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது’ என்பார்கள். அடியேனும் அதை நம்பிச் சில ஆயிரம் செலவழித்துப் புதிது மாட்டினேன். மறுநாளே விளக்கு மீண்டும் எரிந்தது. சிந்திய அரிசிக்கு வந்த எலி வயரைக் கடித்திருந்தது!

ஸ்கேனர் காட்டுவது கோளாறான சர்க்யூட்டை மட்டுமே. பி0135 என்று வந்தால் அது சென்சாருக்குள் உள்ள ஹீட்டரின் சர்க்யூட். முதலில் பியூஸைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு சாக்கெட்டைக் கழற்றி, எஞ்சினை ஓடவிட்டு, வண்டிப் பக்கத்து ஹீட்டர் வயருக்கு பேட்டரி வோல்டேஜ், அதாவது 12 வோல்ட்டுக்குக் குறையாமல், வருகிறதா என மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். வராவிட்டால் எத்தனை சென்சார் மாற்றினாலும் பயனில்லை. வந்தால், எஞ்சினை நிறுத்தி, சென்சார் பக்கம் இரு ஹீட்டர் முனைகளுக்கிடையே ஓம்ஸ் பார்க்கவும். சில ஓம்ஸ் காட்டினால் ஹீட்டர் நலம். கம்ப்யூட்டருக்குப் போகும் வயரைத் தேட வேண்டும். ஓபன் காட்டினால்தான் சென்சார் பழுது.

சாதாரண ஜிர்கோனியா சென்சாரின் சிக்னல், சூடான எஞ்சினில் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கும். குறைவிலேயே நின்றால் சைலன்சர் குழாயில், சென்சாருக்கு முன்னால் ஓட்டை உண்டா என்றும் பாருங்கள்.