புகைக்குள் ஒரு தேன்கூடு

சிங்கப்பூர் புளோக்கில் இருப்பவர்களுக்குக் குப்பைக் குழாயில் பையைப் போட்டால் வேலை முடிஞ்சது. பிறகு அந்தப் பை எரியாலைக்குப் போகும், மிஞ்சும் சாம்பல் துவாஸிலிருந்து கடல்வழியாகச் செமக்காவ் போகும். எரித்தால் குப்பையின் கன அளவு ஏறக்குறைய 90 விழுக்காடு குறைந்துவிடும். இடம் இல்லாத நாட்டுக்கு இது பெரிய விஷயம். சரி, சாம்பல் தீவுக்குப் போகுது. புகை எங்கே போகுது? இந்த மாதம் அதைத்தான் படிக்கப் போறோம்.

குப்பைப் பையில் மீன் எலும்பும் இருக்கும், பிவிசி குழாய்த் துண்டும் இருக்கும், பழைய பேட்டரியும் இருக்கும். எல்லாம் சேர்ந்து எரிந்தால் அமில வாயு, தூசி, நைட்ரஜன் ஆக்சைடு, டையாக்சின் எல்லாம் வரும். அமிலத்தைச் சுண்ணாம்பு பார்த்துக்கொள்ளும், தூசியைத் துணிப்பை வடிகட்டி பிடித்துவிடும். மற்ற இரண்டும்தான் தலைவலி.

டையாக்சின் கொஞ்சம் தந்திரமானது. 850 பாகை செல்சியஸில் இரண்டு விநாடி வைத்தால் அது சிதைந்துவிடும். ஆனால் புகை ஆறிக்கொண்டே வரும்போது, சுமார் 200 முதல் 450 பாகைக்குள், பறக்கும் சாம்பலின் மேல் மறுபடியும் உருவாகும்! அதற்கு உதவுவது சாம்பலில் உள்ள செம்பு. அதாவது செம்பும் இங்கே ஒரு வினையூக்கிதான், ஆனா வேலை செய்வது எதிரி பக்கம். ஐரோப்பாவில் நீண்டகாலமாக இருந்துவரும் வரம்பு ஒரு கனமீட்டர் புகைக்கு 0.1 நானோகிராம். ஒரு கிராமை 1,000 கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கு!

பல ஆலைகள் கரித்தூளைத் தூவி டையாக்சினைப் பிடிக்கின்றன. நல்ல முறைதான், மலிவும்கூட. ஆனால் நஞ்சு அழியவில்லை, புகையிலிருந்து சாம்பலுக்கு வீடு மாறியிருக்கு, அவ்வளவுதான். அந்தச் சாம்பலை யாரோ பத்திரமாகப் புதைத்தாகணும்.

இங்கேதான் நம்ம நல்ல வினையூக்கி வருது. டைட்டானியம் ஆக்சைடில் வனேடியம், டங்ஸ்டன் ஆக்சைடுகளைச் சேர்த்து, தேன்கூடு மாதிரி துளைகளோடு வார்த்த கட்டிகள். புகையில் அம்மோனியாவைத் தெளித்து அந்தத் துளைகள் வழியே அனுப்புவார்கள். நான்கு நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறும் நான்கு அம்மோனியாவும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்து நான்கு நைட்ரஜனும் ஆறு நீரும் ஆகும். நைட்ரஜன் நாம் சுவாசிக்கும் காற்றிலேயே இருப்பதுதானே! வினையூக்கி இல்லாமல் இதைச் செய்ய 850 பாகைக்கு மேல் சூடு வேணும். இருந்தால் 200, 300 பாகையே போதும். அதே தேன்கூட்டில் டையாக்சினும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து உடைகிறது. கரித்தூள் மாதிரி ஒளித்துவைக்கவில்லை, உண்மையாகவே ஒழித்துவிடுகிறது.

அப்போ எல்லா ஆலையிலும் இதை வைக்கலாமே என்று கேட்பீங்க. எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். கொதிகலனை ஒட்டி வைத்தால் சூடு இருக்கும், ஆனா தூசி துளைகளை அடைக்கும், சோடியம், பொட்டாசியம், ஆர்செனிக் எல்லாம் வினையூக்கியையே செயலிழக்கச் செய்யும். வடிகட்டிக்குப் பிறகு வைத்தால் புகை சுத்தமாக இருக்கும், ஆனா ஆறிப்போயிருக்கும். மின்சாரம் ஆகவேண்டிய நீராவியைச் செலவழித்து மறுபடி சூடாக்கணும். சூடு போதாவிட்டால் கந்தகமும் அம்மோனியாவும் சேர்ந்து பிசுபிசுப்பான உப்பாகித் துளைகளில் படியும். அம்மோனியாவை அதிகம் தெளித்தால் அதுவே புகைபோக்கி வழியாக வெளியே போய் இன்னொரு மாசாகிவிடும்.

செலவு பார்க்காமல் செய்தவர்களும் உண்டு. வியன்னாவின் ஷ்பிட்டெலாவ் எரியாலை நகருக்குள்ளேயே இருக்கு. 1987-இல் தீ விபத்துக்குப் பிறகு, ஹுண்டர்ட்வாசர் என்ற ஓவியர் அதன் வெளித்தோற்றத்தையே மாற்றினார். வண்ணக் கோபுரத்தைப் படமெடுக்கக் கூட்டம் வருது. உள்ளே இருக்கும் வினையூக்கியை யாரும் படமெடுப்பதில்லை!

ஒன்று மட்டும் இந்தத் தேன்கூட்டால் முடியாது. டையாக்சின் ஒரு சேர்மம், அதை உடைக்கலாம். பாதரசமும் காட்மியமும் தனிமங்கள், எந்த வினையூக்கியாலும் அவற்றை இல்லாமல் ஆக்க முடியாது. பேட்டரிக்குத் தனித் தொட்டி வைத்திருப்பது அதனால்தான்.